ஐசியூவிலிருந்து வீடு திரும்பியவருக்கு யார் டாக்டர்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். அப்பாவுக்கு 58 வயது. நிமோனியாவில் தொடங்கி செப்சிஸ் (தொற்றால் உடம்பின் உறுப்புகளே பழுதாகும் நிலை) வரை போய், தனியார் மருத்துவமனை ஒன்றில் 19 நாள் ஐசியூ. அதில் பாதிக்கு மேல் வென்டிலேட்டர், கழுத்தில் துளை போட்டுக் குழாய். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. நுரையீரல் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார். ஆனால் அப்பாவால் நாற்காலியிலிருந்து தானாக எழ முடியவில்லை. இரவில் தூக்கமில்லை, அம்மாவிடம் எரிந்து விழுகிறார். "அந்த நர்ஸுங்க என்னைக் கொல்லப் பார்த்தாங்க" என்று ஒருமுறை சொன்னவர், அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பிரிட்டனில் ஐசியூவிலிருந்து மீண்டவர்களுக்கென்றே தனி ஓபி இருக்கிறதாமே, அங்கே என்ன செய்கிறார்கள், இங்கே அது இல்லையென்றால் நாங்கள் யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஐசியூவில் வேலை பார்க்கும் மயக்கவியல் மருத்துவர். நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும் நீண்ட ஐசியூ வாசத்துக்குப் பிறகு அடிக்கடி வருவதுதான். அப்பா சோம்பேறி ஆகவில்லை, பைத்தியமும் பிடிக்கவில்லை. இதற்கு போஸ்ட் இன்டென்சிவ் கேர் சிண்ட்ரோம் என்று பெயர். 2010இல் அமெரிக்காவின் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம் கூட்டிய கூட்டத்தில் முடிவான பெயர் இது, 2012இல் அச்சில் வந்தது. உடம்பு, யோசிக்கும் திறன், மனம் என்று மூன்றிலும் ஐசியூ விட்டுச்செல்லும் பாதிப்பை இதில் சேர்க்கிறார்கள். வீட்டாருக்கு வரும் பாதிப்பையும் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அம்மாவைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சிக்கல் எங்கே என்றால், இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் டாக்டர் நம் ஊரில் அநேகமாக யாரும் இல்லை. நுரையீரல் டாக்டர் நுரையீரலைப் பார்த்தார், அது நன்றாக இருக்கிறது, அவர் சொன்னதில் பொய் இல்லை. சிறுநீரக டாக்டர் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்ப்பார். ஐசியூவில் அப்பாவின் 19 நாளையும் முழுதாக அறிந்த குழு, அவர் வார்டுக்கு மாறிய அன்றே கைவிட்டுப் போனது. நாற்காலியிலிருந்து ஏன் எழ முடியவில்லை என்பது யாருடைய துறையிலும் வராத கேள்வி. பிரிட்டனில் தொடங்கிய ஐசியூ ஓபி அந்தக் கேள்வியைக் கேட்பதற்காக வந்ததுதான்.

அங்கே 1990களின் தொடக்கத்திலேயே லிவர்பூல் அருகே விஸ்டன் மருத்துவமனையிலும், ரெடிங் நகரின் ராயல் பெர்க்‌ஷயர் மருத்துவமனையிலும் இது ஆரம்பமாகிவிட்டது. ஐசியூ டாக்டர்களும் நர்ஸுகளும், தாங்கள் காப்பாற்றி அனுப்பியவர்கள் அப்புறம் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவர்களையே திரும்ப வரவழைத்தார்கள். வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு அதிர்ந்துபோனார்கள் என்றே சொல்ல வேண்டும். உயிரோடு வெளியே அனுப்புவதுதான் வெற்றி என்று அதுவரை கணக்கு இருந்தது. 2009இல் அந்நாட்டில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு ஐசியூவுக்குப் பிந்தைய மறுவாழ்வுக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஐசியூவில் இருக்கும்போதே தொடங்கி, வார்டு, டிஸ்சார்ஜ் என்று ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பிட வேண்டும், பிறகு இரண்டு மூன்று மாதத்தில் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். 2017இல் தரக் குறியீடாகவும் வைத்தார்கள்: நான்கு நாளுக்கு மேல் ஐசியூவில் இருந்து, பாதிப்பு வரும் அபாயம் உள்ளவர்களுக்கு இந்த மறுபார்வை நடக்க வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் அது நடப்பதில்லை, அங்கேயும் பணமும் ஆளும் பற்றாக்குறைதான்.

அந்த ஓபியில் என்ன நடக்கும்? பெரிய மெஷின் எதுவும் கிடையாது. ஒரு மணி நேரம் போல ஒதுக்குவார்கள், நம் ஓபி கணக்கில் அதுவே பெரிய விஷயம். ஐசியூ நர்ஸ், டாக்டர், பல இடங்களில் பிசியோ, சில இடங்களில் மருந்தாளுநர், மனநல ஆலோசகர். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொல்வார்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்பார்கள். விழுங்கும்போது இருமல் வருகிறதா, குரல் எப்படி, எடை எவ்வளவு, முதுகுக்குக் கீழே படுக்கைப் புண் ஆறியதா, கை கால் மரத்துப்போகிறதா, தாம்பத்திய உறவு எப்படி என்பது வரை கேட்பார்கள். ஞாபக சக்திக்கும் மனச்சோர்வுக்கும் சின்னச் சின்ன கேள்வித்தாள்கள் உண்டு. மருந்துப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார்கள். ஐசியூவில் என்ன நடந்தது என்று நாள்வாரியாக எடுத்துச் சொல்வார்கள். விருப்பப்பட்டால் அவர் படுத்திருந்த கட்டிலையே கொண்டுபோய்க் காட்டுவார்கள்.

கடைசியில் சொன்ன இரண்டும் எதற்கு என்று தோன்றலாம். உங்கள் அப்பாவுக்கு இப்போது மிகவும் தேவைப்படுவது அவைதான் என்று நினைக்கிறேன்.

வென்டிலேட்டரில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு டெலிரியம் எனும் மூளைக் குழப்பம் வருகிறது. தொற்று, ஆக்சிஜன் குறைவு, தூக்க மருந்து, இரவு பகல் தெரியாத விளக்கு வெளிச்சம், ஓயாத அலாரம் எல்லாம் சேர்ந்து வருவது. அந்த நிலையில் மனம் தன்னைச் சுற்றி நடப்பதற்கு ஒரு கதை கட்டிக்கொள்கிறது. கை கட்டப்பட்டிருக்கிறது (குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று மென்மையான துணிப் பட்டையால் கட்டுவோம்), தொண்டையில் எதையோ விட்டு உறிஞ்சுகிறார்கள் (சளி எடுக்கிறோம்), பேச வாய் வரவில்லை (குழாய் இருக்கிறது), முகமூடி போட்டவர்கள் சூழ்ந்து நிற்கிறார்கள். கடத்திவிட்டார்கள், சிறையில் போட்டிருக்கிறார்கள், ஊசி போட்டுக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று உலகம் முழுக்க ஐசியூ நோயாளிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி சொல்கிறார்கள். நிஜமாக நடந்தவை அவர்களுக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கும், இந்தப் பொய் நினைவுகள் பளிச்சென்று நிற்கும். பிறகு தூக்கத்தைக் கெடுப்பவையும் இவைதான்.

நம் வீடுகளில் இதற்கு ஒரே மருந்துதான் கொடுக்கிறோம்: "அதையெல்லாம் ஏன் நினைக்கிறீங்க, அதான் நல்லா வந்துட்டீங்கல்ல." அன்பில் சொல்வதுதான். ஆனால் அப்பாவின் காதில் விழுவது, நான் சொன்னால் இவர்கள் நம்ப மாட்டார்கள் என்பது. அவர் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். அவராகப் பேச்சை எடுக்கும் நேரம் ஒன்று வரும், அப்போது தடுக்காதீர்கள். கேட்டு முடித்த பிறகு, "உங்களுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கு, அந்த மருந்துல நிறைய பேருக்கு அப்படி வருமாம்பா. அன்னைக்கு உண்மையில நடந்தது இது" என்று சொல்லுங்கள்.

உண்மையில் நடந்ததைச் சொல்ல உங்களிடம் விவரம் வேண்டுமே? ஸ்வீடன், டென்மார்க், நார்வே ஐசியூக்களில் இதற்கென்றே நர்ஸுகள் ஒரு டைரி எழுதிவைப்பார்கள். "இன்று உங்கள் மகள் வந்தார், கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், நீங்கள் கண்ணைத் திறந்து பார்த்தீர்கள்" என்று நோயாளிக்கே எழுதும் கடிதம் போல இருக்கும். ஆறு ஐரோப்பிய நாடுகளில் 352 பேரை வைத்து 2010இல் வெளியான ஆய்வில், டைரி கிடைத்தவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கும் கிடைக்காதவர்களில் 13 பேருக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பு புதிதாக வந்திருந்தது. 2019இல் பிரான்சில் 35 ஐசியூக்களில் நடந்த பெரிய ஆய்வில் அப்படிப்பட்ட வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே டைரி எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் தன் வாழ்க்கையிலிருந்து காணாமல் போன நாட்களைத் திரும்பக் கேட்க விரும்பும் மனிதருக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். இப்போது கூட நீங்கள் அதை எழுதலாம். மருத்துவமனை பில்லை எடுங்கள். எந்த நாள் வென்டிலேட்டர், எந்த நாள் கழுத்துத் துளை, எந்த நாள் ரத்தம் ஏற்றினார்கள் என்பதெல்லாம் தேதியோடு அதில் இருக்கும். வாசலில் உட்கார்ந்து நீங்கள் உறவினர்களுக்கு அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்திகளும் தேதியோடு இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதினால் போதும். அப்பா கேட்கும்போது மட்டும் காட்டுங்கள், அவர் தயாராகும் முன் திணிக்க வேண்டாம்.

கெட்ட கனவு, அந்த மருத்துவமனைப் பக்கம் போகவே பயம், மெஷின் சத்தம் கேட்டால் நடுக்கம், எப்போதும் எரிச்சல் எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. முதலில் போனில் பேசிப் பார்க்க, மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, தமிழில் பேசலாம். சாகலாம் என்று வாயில் ஒரு வார்த்தை வந்தாலும் ஒரு மாதம் என்ற கணக்கைப் பார்க்காமல் அன்றே போங்கள்.

சரி, நாற்காலிக்கு வருவோம். ஐசியூவில் தசை கரையும் வேகம் வெளியே யாருக்கும் தெரிவதில்லை. லண்டனில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், தொடைத் தசையின் குறுக்களவு பத்தே நாளில் சராசரியாக 18 சதவீதம் போல் குறைந்திருந்தது. படுத்தே இருப்பது மட்டும் காரணமில்லை, செப்சிஸின் அழற்சி தசையையும் நரம்பையும் நேரடியாகத் தின்கிறது. டொரன்டோவில் கடும் நுரையீரல் செயலிழப்பிலிருந்து மீண்ட 109 பேரைத் தொடர்ந்து பார்த்து 2003இல் எழுதினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வயது 45க்குள்தான். ஒரு வருடம் கழித்து நுரையீரல் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது, ஆனால் ஆறு நிமிட நடையில் அவர்கள் வயதுக்கு எதிர்பார்க்கும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் நடந்தார்கள். பாதிப் பேர் வேலைக்குத் திரும்பவில்லை. ஐந்து வருடம் கழித்தும் அந்த நடை முழுதாகத் திரும்பவில்லை. உங்கள் நுரையீரல் டாக்டர் சொன்னதும் அப்பா படும் பாடும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இப்படித்தான்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எவ்வளவு காலம் ஆகும் என்று யாரும் சொல்லாததால்தான் வீட்டில் எல்லோரும் இரண்டாவது வாரமே சோர்ந்துபோகிறார்கள். மாதக் கணக்கில் ஆகும் என்று தெரிந்துவிட்டால் இந்த வாரம் ஒரு படி அதிகம் ஏறினார் என்பதே சந்தோஷமான செய்திதான்.

இங்கேதான் ஐசியூ ஓபி பற்றி ஒரு நேர்மையான தகவலையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் மூன்று மருத்துவமனைகளில் 286 நோயாளிகளை வைத்து, நர்ஸுகள் நடத்தும் ஐசியூ ஓபியைச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்றாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் வரவழைத்தார்கள். 2009இல் முடிவு வந்தபோது, ஒரு வருடம் கழித்து வாழ்க்கைத் தரத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. பலருக்கு இது பெரிய ஏமாற்றம். ஆனால் விஸ்டன் குழுவினர் 2003இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இருக்கிறது. அதில் 126 பேர். ஒரு பாதிக்கு, வீட்டில் தாங்களே செய்ய ஆறு வாரத்துக்கான உடற்பயிற்சிப் புத்தகம் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். புத்தகம் வாங்கியவர்கள் உடல் அளவில் சீக்கிரம் தேறினார்கள், ஆறாவது மாதத்திலும் அந்த வித்தியாசம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, மூன்றாம் மாதம் ஒரு நாள் கூப்பிட்டு விசாரிப்பதைவிட, வீடு திரும்பிய முதல் ஆறு வாரம் தினமும் நடக்கும் வேலைக்குத்தான் பலன் அதிகம் என்பது. கிளாஸ்கோவில் 2014 வாக்கில் தொடங்கிய திட்டமும் ஒரு நாள் ஓபியோடு நிற்காமல் ஐந்து வாரம் தொடர்ந்து வரவழைக்கிறது. பிசியோ, மருந்தாளுநர், ஏற்கெனவே ஐசியூவிலிருந்து மீண்ட பழைய நோயாளிகள், வீட்டார் என எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்கிறார்கள். அப்பா இப்போது இரண்டாவது வாரத்தில் இருக்கிறார். காலம் தவறிவிடவில்லை.

என்ன செய்யலாம்? முதலில் பிசியோ. தனியார் பிசியோவை வீட்டுக்கு வரச் சொல்ல முடியாவிட்டால், தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் இது. பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பது என்றுதான் பலர் இதை அறிந்திருக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியோடு போய்க் கேளுங்கள். அவர்கள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நாற்காலியின் முதுகுப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்து, பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, எழுந்து உட்காரும் பயிற்சியை ஆரம்பியுங்கள். மூன்று தடவை முடிந்தால் மூன்று, ஒரு நாளில் நான்கைந்து வேளை. இரண்டு நாள் கழித்து ஒன்று கூட்டுங்கள். வீட்டுக்குள் நடை, பிறகு தெருமுனை. பேச முடிகிற அளவு மூச்சு வாங்கலாம், பேச முடியாத அளவு வாங்கினால் உட்கார வைத்துவிடுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

அன்பினால் நாம் செய்யும் இன்னொரு கெடுதலும் உண்டு. தட்டைக் கையில் கொண்டுபோய் ஊட்டுவது, செம்பில் தண்ணீர் மொண்டு குளிப்பாட்டுவது, எழுந்தால் "நீங்க படுங்க, நான் எடுக்கிறேன்" என்பது. அவர் சட்டைப் பட்டனை அவரே போட பத்து நிமிடம் ஆனாலும் போடட்டும், அதுவும் பிசியோதான்.

சாப்பாட்டில் கஞ்சி, இட்லி, ரசம் சாதம் என்று பத்தியம் போட்டால் தசை எதை வைத்து வளரும்? சிறுநீரகம் நன்றாக இருந்தால் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் நாளொன்றுக்குத் தேவை. 60 கிலோ எடைக்கு 70 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 அல்லது 7, சமைத்த மீன் 100 கிராமில் 20 போல. மூன்று வேளை இட்லியில் இந்தக் கணக்கு எட்டாது. முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், தயிர் எது ஒத்துக்கொள்கிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள். நாக்கில் ருசி மாறிப்போயிருக்கும், வற்புறுத்தாதீர்கள், வகையை மாற்றுங்கள். சிறுநீரகம் பாதித்திருந்தால் மட்டும் அளவை அந்த டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டலாம். கடும் நோய்க்குப் பிறகு அப்படி ஆகும், திரும்ப முளைத்துவிடும்.

சாப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீர் குடித்தால் இருமுகிறாரா, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா? ஆம் என்றால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று பொருள், அடுத்த நிமோனியா அதிலிருந்து வரும். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். கழுத்துத் துளை போட்டவர்களுக்கு இன்னொரு அபாயமும் இருக்கிறது. குழாய் இருந்த இடத்தில் மூச்சுக்குழாய் தழும்பேறி மெல்ல மெல்லச் சுருங்கலாம். வாரங்கள், மாதங்கள் கழித்து வரும். மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு சத்தம், நடந்தால் முன்பைவிட அதிக மூச்சுத் திணறல். இதை ஆஸ்துமா என்று எண்ணி இன்ஹேலர் கொடுத்துக் காலம் போவது நடக்கிறது. எந்த டாக்டரைப் பார்த்தாலும் "கழுத்தில் துளை போட்டிருந்தார்கள்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

அடுத்து மருந்துகள். ஐசியூவில் அவசரத்துக்குத் தொடங்கிய மருந்து வீடு வரை ஒட்டிக்கொண்டு வருவது மிகச் சாதாரணம். குழப்பத்துக்காகக் கொடுத்த குட்டியாபின், வயிற்றில் புண் வராமலிருக்கக் கொடுத்த பான்டோபிரசோல், இதயத் துடிப்பு தாறுமாறானபோது கொடுத்த அமியோடரோன், ஸ்டீராய்டு. இவற்றில் சில இப்போது தேவையே இருக்காது, சிலவற்றைத் தொடர்ந்தாக வேண்டும், சிலவற்றைப் படிப்படியாகத்தான் நிறுத்த முடியும். மறுபக்கம், ஐசியூவில் நிறுத்தி வைத்த பழைய தைராய்டு மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ திரும்பத் தொடங்க யாரும் சொல்லாமல் விட்டிருப்பார்கள். ஆகவே இரண்டு பட்டியல் எழுதுங்கள்: ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் சாப்பிட்டவை, இப்போது சாப்பிடுபவை. ஒவ்வொன்றுக்கும் நேரே "இது எதற்கு, எதுவரை" என்று ஒரு பொது மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

மூளையின் வேகம் குறைந்திருப்பதையும் எதிர்பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 821 பேரை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், மூன்றாம் மாதத்தில் நூற்றுக்கு 40 பேரின் சிந்தனைத் திறன் மிதமான தலைக்காயம் பட்டவர்களின் அளவில் இருந்தது. இதில் வயதானவர்கள் மட்டும் இல்லை, இளைஞர்களும் இருந்தார்கள். டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ அந்த அளவுக்குப் பாதிப்பு. வீட்டில் இது மறதியாக மட்டும் தெரியாது. சொன்னதையே சொல்வது, கணக்கு தப்புவது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எரிச்சலாவது என்று வரும். அப்பாவின் கோபத்தில் இதற்கும் பங்கிருக்கலாம். சில மாதங்களுக்குப் பணப் பரிமாற்றம், பத்திரம், கையெழுத்து எதுவானாலும் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை பைக், கார் வேண்டாம். வேலைக்குத் திரும்பும்போது முதலில் அரை நாள் என்று கேட்டுப் பாருங்கள்.

அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 19 நாளும் ஐசியூ வாசல் வராண்டாவில் பாயை விரித்துக் கிடந்தவர் அவர்தானே? பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் எந்தச் செய்தியோ என்று பதறி எழுந்தவர். பணத்துக்கு அலைந்திருப்பீர்கள், அதையும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். இப்போது அப்பாவுக்கு ஒரு தும்மல் வந்தாலும் அவருக்கு நெஞ்சு அடைக்கும். அவருக்கும் தூக்கமில்லாமல் இருக்கலாம், அவர் சொல்ல மாட்டார். இரவில் அப்பா பக்கத்தில் படுக்கும் வேலையை முறை வைத்து மாற்றுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அம்மாவின் பிரஷர், சுகரையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். "நீங்க எப்படி இருக்கீங்க" என்று ஒருமுறை தனியாகக் கேளுங்கள்.

யாரிடம் போவது என்ற கேள்விக்கு என் பதில்: ஒரு டாக்டரைப் பிடித்து அவரையே மையமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பழக்கமான பொது மருத்துவராக இருந்தால் நல்லது, பெரிய ஸ்பெஷலிஸ்டாக இருக்க வேண்டியதில்லை. மற்ற எல்லோரும் சொல்வது அவரிடம் வந்து சேரட்டும். அந்த மருத்துவமனை ஐசியூ டாக்டரை ஒரு தடவை ஓபியில் பார்க்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். தங்கள் நோயாளி நடந்து வருவதைப் பார்க்க எங்களுக்கு ஆசை உண்டு, கேட்டால் பலர் மறுக்க மாட்டார்கள். கோவிட் காலத்தில் சென்னை அரசு மருத்துவமனைகளில் கோவிட்டுக்குப் பிந்தைய ஓபி நடத்தினோம் அல்லவா? நுரையீரல், இதயம், மனநலம், பிசியோ எல்லாம் ஒரே இடத்தில் பார்க்க முடியும் என்று நம் மாநிலமே அப்போது காட்டியது. செப்சிஸிலும் விபத்திலும் பாம்புக்கடியிலும் ஐசியூ போய் வருபவர்களுக்கு அதே ஏற்பாடு ஏன் கூடாது என்று மருத்துவமனைகளிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அங்கே செலவழித்தவர்களும் காத்துக் கிடந்தவர்களும் நீங்கள்தான்.

முதல் சந்திப்புக்கு டிஸ்சார்ஜ் சம்மரி, இரண்டு மருந்துப் பட்டியல், இப்போதைய எடை, நாற்காலியிலிருந்து எழும் ஒரு சின்ன வீடியோ ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கிரியாட்டினின், ரத்த அணுக்கள், சுகர் பரிசோதனையைக் கேளுங்கள். சிறுநீரகம் ஐசியூவில் ஒருமுறை அடிபட்டிருந்தால் மூன்றாம் மாதம் கிரியாட்டினினைத் திரும்பப் பார்ப்பது கட்டாயம். ஃப்ளூ தடுப்பூசி, நிமோகாக்கல் (நிமோனியா) தடுப்பூசி எப்போது போடலாம் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் எந்த ஓபி நாளுக்கும் காத்திருக்க வேண்டாம். செப்சிஸிலிருந்து மீண்டவர்களுக்கு முதல் மூன்று மாதத்தில் மறுபடி தொற்று வருவது அதிகம். அமெரிக்க முதியவர்களைப் பார்த்த ஆய்வு ஒன்றில், 90 நாளுக்குள் நூற்றுக்கு 40 பேர் போல மருத்துவமனைக்குத் திரும்பியிருந்தார்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், அல்லது உடம்பு வழக்கத்தைவிடச் சில்லிட்டுப் போவது, மூச்சு வேகமாவது, திடீரென ஆள் தெரியாமல் பேசுவது, நாள் முழுக்கச் சிறுநீர் மிகக் குறைவாகப் போவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். "போன மாதம் செப்சிஸில் ஐசியூவில் இருந்தார்" என்று பதிவுச் சீட்டு எழுதும் இடத்திலேயே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை எல்லோர் போனிலும் இன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.